கோடையில் கரைந்த ஆக்சிஜன் குறைகிறது: இன்னொரு புளோயர் வாங்கலாமா?

கேள்வி: சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை நான் கவனித்துக்கொள்கிறேன். ஜனவரியில் ஏரேஷன் தொட்டியில் (கழிவுநீருக்குக் காற்றூட்டும் தொட்டி) லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்த கரைந்த ஆக்சிஜன், மே மாதத்தில் 0.7க்கு இறங்கிவிட்டது. நாற்றமும் வருகிறது. சூடான நீரில் ஆக்சிஜன் கரையாது, காற்றைத் தள்ளும் புளோயர் இன்னொன்று வேண்டும் என்கிறார் ஒப்பந்ததாரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். ஒப்பந்ததாரர் சொல்வது பாதி உண்மை. 25 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 32 டிகிரியில் 7.3தான். தொட்டியில் 2 இருக்க வேண்டுமென்றால், ஆக்சிஜனை நீருக்குள் தள்ளும் இடைவெளி, அதாவது கரையக்கூடிய அளவுக்கும் இருக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசம், 6.3இலிருந்து 5.3 ஆகிறது. ஏறத்தாழ 15 சதவீதம் நஷ்டம். ஆனால் வெப்பம் ஏற ஏற, குமிழியிலிருந்து ஆக்சிஜன் நீருக்குள் நுழையும் வேகம் டிகிரிக்கு 2.4 சதவீதம் கூடுகிறது. ஏழு டிகிரிக்கு 18 சதவீதம். வரவும் செலவும் சரியாகிவிட்டன, பாருங்கள்!

அப்படியானால் ஆக்சிஜன் எங்கே போகிறது? கழிவைத் தின்று நீரைச் சுத்தமாக்கும் நுண்ணுயிரிகளின் வயிற்றுக்குத்தான். வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் சுவாசம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் வகைகளும் கோடையில் மும்முரமாகிவிடும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு அவை 4.57 கிராம் ஆக்சிஜன் கேட்கும்.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். தொட்டி நீரை ஒரு பாட்டிலில் பாதி எடுத்துக் குலுக்குங்கள். பிறகு அதைச் சிறு பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, கரைந்த ஆக்சிஜனை அளக்கும் மீட்டரின் முனையைக் காற்றுப் புகாமல் செருகி, மெல்லக் கலக்கியபடி நிமிடத்துக்கு ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். 5இலிருந்து 1க்கு ஐந்தே நிமிடத்தில் இறங்கினால், லிட்டர் நீர் மணிக்கு 48 மில்லிகிராம் தின்கிறது. கோளாறு பசியில்தான். இருபது நிமிடம் பிடித்தால் பசி சாதாரணம். காற்று வரும் வழியைச் சந்தேகியுங்கள்.

பசி அதிகமென்றால் கசடைக் குறையுங்கள்; தொட்டியின் நுண்ணுயிரிகள் அந்தக் கசடில்தான் இருக்கின்றன. குளிர்காலத்தில் வைத்திருந்த அதே அடர்த்தி மே மாதத்துக்குத் தேவையில்லை. குறைவான நுண்ணுயிரிகளே அந்த வேலையைச் செய்துவிடும். ஒரேயடியாக வெளியேற்றாமல் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். பல நிலையங்களில் கோடைப் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடுகிறது. கசடு வெளியேற்றச் செலவாகும் என்று தள்ளிப்போடுவதே பெரும்பாலும் வினையாகிறது.

காற்று வழியென்றால், நீர்ப்பரப்பை உற்றுப் பாருங்கள். சோடாவைப் போல எங்கும் நுண்குமிழி வர வேண்டும். ஒரு மூலையில் மட்டும் உலை கொதிப்பதுபோலப் பெருங்குமிழி எழுந்தால் அங்கே டிஃபியூசரின் (காற்றை நுண்குமிழியாக்கி நீருக்குள் விடும் கருவி) சவ்வு கிழிந்திருக்கும். அழுத்தமானியில் முள் மாதாமாதம் ஏறினால் துளைகள் அடைபடுகின்றன. புளோயர் எந்த அறைக் காற்றை இழுக்கிறது என்பதையும் கவனியுங்கள்: 20 டிகிரிக் காற்றை விட 40 டிகிரிக் காற்றில், அதே கன அளவில் ஆக்சிஜன் 6 சதவீதம் குறைவு. அறைக்கு வெளியே நிழலிலிருந்து குழாய் போட்டு இழுக்கச் செய்யுங்கள்.

கரைந்த ஆக்சிஜன் அளவை 2இலிருந்து 4க்கு ஏற்றிவைப்போம் என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 32 டிகிரியில் இடைவெளி 5.3இலிருந்து 3.3 ஆகும், அதே ஆக்சிஜனைக் கரைக்க 60 சதவீதம் கூடுதல் காற்று வேண்டும், மின்கட்டணமும் அந்த வழியே போகும்.

டிஃபியூசர்களைச் சுத்தம் செய்யும்போது மேலே தூக்கியே செய்யுங்கள். யாரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். நாற்றம் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; அது ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம். அந்த வாயுவின் அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய், ஆபத்து தெரியாமல் ஆள் மயங்கி விழுந்துவிடுவார்.