குன்னூர் வீட்டை ஏர்பிஎன்பியில் விடலாமா?

பெங்களூரில் இருந்துகொண்டே குன்னூரில் அப்பா கட்டிய வீட்டை ஏர்பிஎன்பி தளம் வழியாக வார இறுதிக்கு வாடகைக்கு விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். என் அக்காவின் கோத்தகிரி வீட்டை பெங்களூர் அல்சூரிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன், அதனால் சொல்கிறேன். விளம்பரம் போடும் முன் கட்டட அனுமதித் தாளை எடுத்துப் பாருங்கள். ‘குடியிருப்பு’ என்று இருந்தால் அவசரப்படாதீர்கள். நீலகிரியில் குடியிருப்பு அனுமதி வாங்கிவிட்டு விடுதியாக நடத்திய கட்டடங்களுக்குச் சீல் வைத்திருக்கிறார்கள். நகராட்சியில் நேரில் கேளுங்கள், தரகர் பேச்சை நம்பவே வேண்டாம். கரண்ட் கட்டணம் வீட்டு வகையா, வணிக வகையா என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.

வெளிநாட்டவர் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசிடம் ஆன்லைனில் பதிய வேண்டும். இது உங்கள் பொறுப்பு.

அப்புறம், விருந்தினரிடம் இ-பாஸ் பற்றி, அதாவது வெளியூர் வண்டி நீலகிரிக்குள் வர ஆன்லைனில் எடுக்கும் அனுமதி பற்றி, முன்பே சொல்லுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் வந்தது அது. வெள்ளிக்கிழமை வேலை முடித்துப் பெங்களூரிலிருந்து மைசூர் வழியாகக் கிளம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது பந்திப்பூரில்தான். இரவு 9 முதல் காலை 6 வரை அந்தக் காட்டுச் சாலையை மூடிவிடுவார்கள். சேலம், மேட்டுப்பாளையம் வழியாக வரச் சொல்லுங்கள், இல்லை சனிக்கிழமை விடியற்காலை கிளம்பட்டும். பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ராத்திரி சத்தம் என்று புகார் போவது அங்கிருந்துதான்.