கொற்கையில் கடல் ஒதுங்கியது இயற்கை என்றால், இன்றைய வெப்பமும் இயற்கைதானே?

கொற்கையில் கடல் பின்வாங்கியது, தாது வருடப் பஞ்சம், 2023 டிசம்பர் வெள்ளம். இந்த மூன்றையும் காட்டி, "எல்லாம் இயற்கைதான், மனிதன் என்ன செய்தான்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதில்தான் கோளாறு.

கொற்கையில் நடந்தது பெரும்பாலும் ஆற்றின் வேலை. தாமிரபரணி கொட்டிய வண்டல் கழிமுகத்தை மேடாக்கி, துறைமுகத்தைக் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஒதுக்கிவிட்டது. தாது வருடம் (1876–78) காலநிலைக் கணக்கில் வரும்: பசிபிக்கில் கடுமையான எல் நினோ (கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவது), இங்கே மழை பொய்த்தது. (அத்தனை பேர் செத்ததில் வெள்ளைக்காரன் நிர்வாகத்துக்கும் பங்குண்டு, அது தனி வழக்கு.) ஆனால் எல் நினோ என்பது கடலில் ஏற்கெனவே இருக்கும் வெப்பம் வெளியே வருவது. ஒன்றிரண்டு வருடத்தில் அடங்கிவிடும். நூறு வருடத்துக்கு மேலாக ஏறிக்கொண்டே போகும் சூட்டுக்கு அது காரணமாக முடியாது.

சூரியன்? 1978 முதல் செயற்கைக்கோள் அளவுகள் இருக்கின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் ஏறக்குறைய 0.1 சதவீதம் கூடிக் குறைகிறது, ஏறுமுகம் கிடையாது. இன்னொரு தடயமும் உண்டு. வெயில் கூடியிருந்தால், நம் தலைக்கு மேல் உயரத்தில் உள்ள ஸ்ட்ராடோஸ்பியர் என்ற காற்றடுக்கும் சூடாகியிருக்க வேண்டும். ஆனால் தரையருகே சூடாக, அந்த அடுக்கின் மேற்பகுதி குளிர்ந்திருக்கிறது. கரியமில வாயு கூடினால் நடப்பது இதுதான்.

பூமியின் அச்சும் சுற்றுப்பாதையும் மாறுவதற்குப் பல்லாயிரம் வருடம் பிடிக்கும். எரிமலையோ குளிர்விக்கவே செய்கிறது: 1991இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தபின் உலகச் சராசரி சுமார் 0.5 டிகிரி இறங்கியது. எரிமலைகள் விடும் கரியமில வாயு மனிதன் விடுவதில் ஒரு சதவீதம்கூட வராது.

கூடிய வாயு யாருடையது என்பதைக் கார்பனே சொல்லிவிடும். தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியில் ஒரு கிலோ கார்பன் எரிந்தால் 3.67 கிலோ கரியமில வாயு. நிலக்கரி பழங்காலச் செடிகொடி என்பதால் அதில் கார்பன்-13 (கார்பனின் சற்றே கனமான வகை) குறைவு. மிகப் பழசு என்பதால், காலப்போக்கில் சிதைந்து மறையும் கார்பன்-14 அறவே இல்லை. காற்றில் இந்த வாயு 280 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) 420ஐத் தாண்டிய காலத்தில், அதிலுள்ள கார்பன்-13 விகிதம் இறங்கியிருக்கிறது, ஆக்சிஜனும் குறைந்திருக்கிறது. எரித்தால் இவை சேர்ந்து நடக்கும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கைக் கணக்கில் 1850–1900க்கும் 2010–2019க்கும் இடையே மனிதன் ஏற்றியது சுமார் 1.07 டிகிரி, சூரியனும் எரிமலையும் சேர்ந்து கூட்டியோ குறைத்தோ 0.1க்குள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதற்கு நேர்க்காரணம் குமரிக்கடலை ஒட்டி நின்ற காற்றுச் சுழற்சி. அதை முழுக்கக் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டுவதும் தப்புதான். ஒரு டிகிரி சூட்டுக்குக் காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஈரம் தாங்கும். பெருமழையை அது இன்னும் கனக்கவைக்கும். குளத்தை நிரவி வீடு கட்டியதற்கெல்லாம் அது பொறுப்பல்ல.

நீங்களே பார்க்க விரும்பினால் பாளையங்கோட்டை வானிலை நிலையத்தின் பழைய பதிவுகளை எடுங்கள். பகல் உச்சத்தையும் இரவுக் குறைந்தபட்சத்தையும் தனித்தனியாக 30 ஆண்டுச் சராசரி போடுங்கள். சுற்றிலும் கான்கிரீட் பெருகினாலும் இரவு வெப்பம் ஏறும். அதைக் கழிக்க, கடல்மேற்பரப்பு வெப்பத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1998ஐத் தொடக்க ஆண்டாக வைக்காதீர்கள். அது பெரிய எல் நினோவின் உச்சம். அதற்கடுத்த சில வருடங்களை வைத்துத்தான் "சூடு நின்றுவிட்டது" என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள்.