அமெரிக்காவில் பணிபுரியும் பெண்களின் சங்கங்கள் சம ஊதியத்துக்காக உண்மையில் என்ன செய்தன?

முதல் உலகப் போர்க்காலத்தில் பெண்கள் பெருமளவில் வேலைக்கு வந்தார்கள். அவர்களை ஒன்றுதிரட்ட, 1919 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரில் வணிக, தொழில்முறைப் பெண்கள் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு உருவானது. இதற்கு அடித்தளமிட்டவர் கென்டக்கியைச் சேர்ந்த வழக்கறிஞர் லீனா மேட்சின் பிலிப்ஸ். 1930-இல் ஜெனீவாவில் சர்வதேசக் கூட்டமைப்பையும் அவரே தொடங்கினார்.

கடுமையான சோதனை 1932-இல் வந்தது. அந்த ஆண்டின் சிக்கனச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு, கணவன், மனைவி இருவரும் மத்திய அரசுப் பணியில் இருந்தால், ஆட்குறைப்பின்போது அவர்களில் ஒருவரை முதலில் நீக்கச் சொன்னது. சட்டத்தில் 'பெண்' என்ற சொல்லே கிடையாது. ஆனால் ஆணின் சம்பளம் அதிகம் என்பதால், வேலையை விட்டவர்கள் பெரும்பாலும் மனைவிகளே. பெண்கள் சங்கங்கள் விடாமல் எதிர்த்தன. 1937-இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது.

1963-இன் சம ஊதியச் சட்டத்துக்கும் கூட்டமைப்பு உழைத்தது. அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது: நிர்வாக, தொழில்முறைப் பதவிகளுக்கு அது பொருந்தவில்லை. பாடுபட்ட வழக்கறிஞருக்கும் மேலாளருக்குமே பாதுகாப்பு இல்லை! 1972-இல் வந்த திருத்தம்தான் அதை அடைத்தது. 'பாலினம் அல்லாத வேறு காரணம்' இருந்தால் ஊதியம் மாறுபடலாம் என்ற விதிவிலக்கு இன்றும் இருக்கிறது. முந்தைய சம்பளத்தைக் காட்டி முதலாளிகள் வாதாடுவது அதை வைத்துத்தான்.