டெம்ப்டேஷன்ஸ் தொகுப்பில் பாடல் 7 நிமிடத்தில் முடிவது ஏன்?

உங்கள் குறுந்தகட்டில் பழுதில்லை. டெம்ப்டேஷன்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் குழுவின் தொகுப்பில், 12 நிமிடம் ஓட வேண்டிய 'பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்' 7 நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது 1972இல் தனி இசைத்தட்டாக வெளிவந்த சுருக்க வடிவம்.

தனி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் முழுப் பாடலும் அடங்காது என்பதால் முதல் பக்கத்தில் பாடிய பகுதியையும், மறுபக்கத்தில் வாத்திய இசையை மட்டும் கொண்ட வடிவத்தையும் வெளியிட்டார்கள். வெற்றிப் பாடல் தொகுப்புகள் பெரும்பாலும் அந்த முதல் பக்கத்தையே எடுத்துக்கொள்கின்றன.

உறை அட்டையில் நேரம் அச்சிடப்படவில்லையென்றால் காதாலேயே சோதிக்கலாம். பேஸ் கிடார் தொடங்கியதிலிருந்து குழுவின் பாடகர் டென்னிஸ் எட்வர்ட்ஸின் குரல் நுழையும்வரை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 4 நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தால் அது முழு வடிவம். அதில் பாதியளவிலேயே குரல் வந்துவிட்டால் சுருக்கம்.

முழு வடிவம் 'ஆல் டைரக்ஷன்ஸ்' என்ற 1972ஆம் ஆண்டு ஆல்பத்தில் இருக்கிறது. தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்ட் அந்த முன்னிசையில் ஹை-ஹாட் என்ற டிரம் தாளத்தட்டுகளின் சீரான தட்டல், 'வா-வா' என்று ஒலிக்கும் கிடார், டிரம்பெட், வயலின்கள், கைதட்டல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவார். அந்தக் காத்திருப்புக்குப் பிறகு வரும் முதல் வரி தரும் அதிர்வு சுருக்கத்தில் கிடைப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் வேறொரு தொகுப்பை வாங்குமுன் அதன் ஆண்டைப் பாருங்கள். 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்ற பெயரில் 1966இல் வந்த தொகுப்பில் இந்தப் பாடலே இருக்காது.