30×40 மனை, மொட்டை மாடி மட்டும்தான் இடம்: ஹாம் ரேடியோவுக்கு எந்தச் சிறிய ஆன்டெனா சரிப்படும்?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் 30×40 மனை, தரைத்தளமும் முதல் மாடியும். கையில் 100 வாட் எச்.எஃப். (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையான சிற்றலை) ஹாம் செட், அதாவது பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் பேசும் செட், இருக்கிறது. காலையில் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) தமிழ்நாட்டு நண்பர்களோடு பேச வேண்டும், சாயங்காலம் 20 மீட்டர் பேண்டில் (14 மெகாஹெர்ட்ஸ்) வெளிநாடு பிடிக்க வேண்டும். மேக்னடிக் லூப் (கெப்பாசிட்டர் வைத்த சிறிய வளையம்) வாங்கலாமா, காயில் வைத்த வெர்டிகல் (காயிலால் நீளம் குறைத்த செங்குத்து ஆன்டெனா) வாங்கலாமா?

பதில்: உங்கள் தேவைக்கு இரண்டுமே வேண்டாம். முழு நீள கம்பியை மாடிக்கு ஏற்றபடி வளைத்துக் கட்டுங்கள். காசும் மிச்சம், சிக்னலும் அதிகம்.

முதலில் லூப்பைப் பார்த்துவிடுவோம். 22 மி.மீ. செம்புக் குழாயில் 1 மீட்டர் விட்டத்துக்கு ஒரு லூப் செய்தால், 14.2 மெகாஹெர்ட்ஸில் அதன் கதிர்வீச்சுத் தடை (பவரைக் காற்றில் ஏற்றும் பங்கு) சுமார் 0.1 ஓம், குழாயின் இழப்புத் தடை (பவரைச் சூடாக்கி வீணாக்கும் பங்கு) 0.045 ஓம். ஆக, கொடுத்த பவரில் மூன்றில் இரண்டு பங்கு வெளியே போகும். மோசமில்லை. அதே லூப்பை 7.1-க்கு இறக்கினால் கதிர்வீச்சுத் தடை 0.006 ஓமாகச் சுருங்கிவிடும். 100 வாட்டில் சுமார் 16 வாட்தான் காற்றில் ஏறும், மிச்சம் குழாயைச் சூடாக்கும். இதுவும் காகிதக் கணக்குதான். இணைப்பில் எங்காவது 0.05 ஓம் சேர்ந்தால் அந்த 16 வாட் 7 வாட்டுக்கும் கீழே போய்விடும். கடல் காற்று படும் ஊரில் போல்ட் போட்டு இறுக்கிய இணைப்பு அப்படி ஆக ஒரு மழைக்காலம் போதும். போதாக்குறைக்கு 7 மெகாஹெர்ட்ஸில் பேண்ட்விட்த் (ஒரு தடவை ட்யூன் செய்தால் வேலை செய்யும் அகலம்) 5 கிலோஹெர்ட்ஸ்தான். கொஞ்சம் தள்ளிப் போனாலே கெப்பாசிட்டரைத் திருப்ப வேண்டும். 20 மீட்டரில் 100 வாட் கொடுத்தால் அந்தக் கெப்பாசிட்டரில் 5,000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பழைய ரேடியோவில் கழற்றிய கேங் கண்டென்சரில் (ஸ்டேஷன் திருப்பும் கெப்பாசிட்டர்) 10 வாட்டுக்கே பொறி பறக்கும். மாடியே இல்லாமல், பால்கனி மட்டும் உள்ள அடுக்குமாடிக்காரர் 20 மீட்டருக்கு மேல் பேச லூப் வைக்கட்டும். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை.

வெர்டிகலின் சிக்கல் வேறு. 7 மெகாஹெர்ட்ஸில் சென்னை, மதுரை, கோவை என்று பேச சிக்னல் நேர் மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்ப வேண்டும். வெர்டிகல் தலைக்கு மேலே ஏறக்குறைய ஒன்றுமே அனுப்பாது. அடியிலிருந்து சுற்றிலும் ரேடியல் கம்பி விரிக்காவிட்டால் அடிவானத்துக்கும் சரியாக அனுப்பாது. தளத்துக்குள் இருக்கும் கம்பியை ரேடியலாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அக்கம்பக்கத்து எல்.இ.டி. பல்பு, இன்வர்ட்டர், சோலார் இரைச்சலையும் வெர்டிகல்தான் அதிகம் அள்ளிக்கொண்டு வரும். இரைச்சல் என்றதும் ஒன்று: ஆன்டெனாவுக்குச் செலவு செய்யும் முன் செட்டை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்து, செட்டில் சிக்னல் அளவு காட்டும் எஸ்-மீட்டரைப் பாருங்கள். முள் சட்டென்று இறங்கினால் திருடன் வீட்டுக்குள்தான் இருக்கிறான்.

இனி கட்ட வேண்டியது. நடுவில் கேபிள் இணைத்து இரண்டு பக்கமும் கம்பி நீட்டுவது டைபோல். அதன் மொத்த நீளம் மீட்டரில் 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வருவது. 7.1-க்கு 20.1 மீட்டர், ஒரு கால் 10 மீட்டர் சொச்சம். 14.2-க்கு ஒரு கால் 5 மீட்டர். இரண்டையும் ஒரே ஃபீட் பாயிண்டில் (கேபிள் வந்து சேரும் இடம்) இணைத்து விசிறியாக விரிக்கலாம். 40 மீட்டர் பேண்டுக்கான கால்கள் 21 மெகாஹெர்ட்ஸிலும் ஓரளவு ஒத்திசையும், அது இலவசம்.

சுற்றி விட்ட இடம் போகக் கட்டடம் 26க்கு 34 அடி என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்து வீடுகளில் படிக்கட்டு ஹெட்ரூம் பெரும்பாலும் ஒரு மூலையில்தான் இருக்கும். அதன் சுவரில் 6 மீட்டர் நீள, ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பை இரண்டு கிளாம்பில் நிறுத்துங்கள். கிளாம்புகளுக்கு இடையே குறைந்தது ஒன்றரை மீட்டர் இருக்கட்டும். பைப் ஹெட்ரூமுக்கு மேலே 4 மீட்டர் நின்றால் உச்சி தரையிலிருந்து ஏறத்தாழ 13 மீட்டர். அடுத்தடுத்த இரண்டு மூலைகளில், கைப்பிடிச் சுவரோடு சேர்த்து, மாடித் தளத்திலிருந்து 3 மீட்டர் உயரத்துக்குச் சவுக்குக் கழி கட்டுங்கள். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இதைவிட மலிவான, மின்சாரம் கடத்தாத கம்பம் கிடையாது. பிவிசி பைப் வெயிலில் வளைந்துவிடும். உச்சியிலிருந்து நீளப் பக்கத்துக் கழிக்கு 11 மீட்டர் வரும், அந்தக் கால் நேராகவே அடங்கிவிடும். அகலப் பக்கத்தில் 8.6 மீட்டர்தான்; மிச்சமுள்ள ஒன்றரை மீட்டர் கம்பியைக் கழியிலிருந்து அதே உயரத்தில் பக்கவாட்டில் மடக்கிக் கயிற்றால் இழுத்துக் கட்டலாம். மேலிருந்து பார்த்தால் எல் வடிவம். 40 மீட்டரில் இதனால் சொல்லும்படி நஷ்டம் இல்லை.

கம்பியின் நுனி யார் கைக்கும் எட்டக் கூடாது. டிரான்ஸ்மிட் செய்யும்போது நுனியில் பல நூறு வோல்ட் இருக்கும், தொட்டால் தோல் பொசுங்கும். துணி காயப்போட வருகிறவர்களுக்கு இது தெரியாது. தெருவில் மின்சாரக் கம்பி போகும் பக்கத்தை விட்டுவிடுங்கள். பைப் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தக் கம்பியைத் தொடக் கூடாது.

வாங்க வேண்டியவை: 1.5 ஸ்கொயர் எம்.எம். வீட்டு வயரிங் வயர் 35 மீட்டர், ஆர்ஜி-58 கேபிள் 20 மீட்டர், எஃப்டி240-31 அல்லது எஃப்டி240-43 டொராய்டு (ஃபெரைட் வளையம்) ஒன்று, பி.எல்-259 கனெக்டர் இரண்டு, செயற்கை இழைக் கயிறு, ரப்பர் செல்ஃப்-அமல்கமேட்டிங் டேப். டொராய்டில் ஆர்ஜி-58-ஐ 12 சுற்று சுற்றி ஃபீட் பாயிண்டில் வையுங்கள். இந்தச் சோக் இல்லாவிட்டால் கேபிளின் வெளிப்பின்னலும் ஆன்டெனாவாகி, மைக்கில் ஷாக் அடிக்கும், வீட்டு இரைச்சல் செட்டுக்குள் வரும். எச்.எஃப்.-க்கு ஆர்ஜி-58 போதும். 2 மீட்டர் பேண்டுக்கு மட்டும் தடித்த கேபிள் தேவை. 145 மெகாஹெர்ட்ஸில் 15 மீட்டர் ஆர்ஜி-58 பாதிப் பவரைத் தின்றுவிடும்.

கால்களை 10.5, 5.3 மீட்டர் என்று கூடுதலாக வெட்டிக்கொண்டு ட்யூன் செய்யுங்கள். முதலில் 40, பிறகு 20, மறுபடியும் 40. ஒன்றைத் தொட்டால் மற்றது கொஞ்சம் நகரும். 20 மீட்டர் பேண்டுக்கான சிறிய கால்களின் நுனி பெரிய கால்களிலிருந்து 30 செ.மீ.யாவது விலகி இருக்கட்டும். எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா செட்டுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, குறைந்தால் நல்லது) தாழ்வு 6.9-ல் தெரிந்தால் ஒவ்வொரு காலிலும் 30 செ.மீ. குறைக்க வேண்டும் என்று அர்த்தம். வெட்டாதீர்கள், பின்னால் மடித்து முறுக்கிக் கட்டுங்கள். மழையில் சுவர் நனைந்தால் தாழ்வு கீழே நகரும். அதனால் காய்ந்த நாளில் 7.12 பக்கம் வைத்துவிட்டால் நல்லது.

ஹெட்ரூம் நடுவில் இருப்பதால் இரண்டு கால் கட்ட வழியில்லை என்றால், ஒரே முனையில் ஃபீட் செய்யும், 20 மீட்டர் நீள அரை அலைக் கம்பிதான் அடுத்த தேர்வு. 49:1 டிரான்ஸ்ஃபார்மருக்கு எஃப்டி240-43-ல் முதன்மை 2 சுற்று, இரண்டாவது 14 சுற்று, முதன்மைக்குக் குறுக்கே 100 பிகோஃபாரட், 3 கிலோவோல்ட் கெப்பாசிட்டர். சிறிய எஃப்டி140 கோரில் 100 வாட்டில் எஃப்டி8 (கணினி வழி அனுப்பும் டிஜிட்டல் முறை) ஓட்டினால் கோர் கொதிக்கும், எஸ்.டபிள்யூ.ஆர். பேசப் பேச ஏறும்.

உப்புக் காற்றுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் ஒரு வருடக் கதைதான். பல இழை வயரின் வெட்டிய முனை வழியாக ஈரம் உறிஞ்சப்பட்டு உள்ளே ஏறும். பிவிசி உறையைச் சீவிப் பார்த்தால் முழம் தூரத்துக்குச் செம்பு கறுத்திருக்கும். அதனால் நுனிகளையும் ஈயம் வைத்து மூடுங்கள். ஃபீட் பாயிண்டில் 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட், மேலே ரப்பர் டேப், அதற்கு மேல் சாதாரண டேப். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் செம்பை அரிக்கும். நியூட்ரல் க்யூர் என்று கேட்டு வாங்குங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இழுவைக் கயிறும், பைப்பைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டேயும் மீன்பிடி சாமான் கடையில் கிடைக்கும் கயிறாக இருந்தால் வெயிலைத் தாங்கும். ஸ்டேக்கு இரும்புக் கம்பி வேண்டாம்.

2011 தானே, 2024 ஃபெஞ்சல் இரண்டும் கரையேறியது நம் பக்கம்தான். அதனால் பைப்பின் மேல் கிளாம்பைத் திருகு மட்டும் கழற்றித் திறக்கும்படியும், கீழ்ப்பிடியை ஒற்றைப் போல்ட்டில் சாயும்படியும் அமையுங்கள். எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் இரண்டு பேர் சேர்ந்து படுக்க வைத்துவிடலாம். பைப்பைத் தனி எர்த் குழியோடு இணைத்து, அதை வீட்டு எர்த்தோடும் சேர்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.