மூன்றாவது கட்சிக்குப் போட்ட என் வாக்கு யாருடையது?

"வெல்ல வாய்ப்பில்லாத மூன்றாவது கட்சிக்கு வாக்களித்தால், நமக்குப் பிடிக்காத கட்சிக்கு உதவியதாகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களையும் யாரோ இப்படிக் கடிந்துகொண்டிருக்க வேண்டும்.

நான் தில்லி ஜங்புரா தொகுதி வாக்காளன். 2025 பிப்ரவரி சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசுக்கு வாக்களித்தேன். அவ்வேட்பாளர் நகரின் முன்னாள் மேயர். ஆம் ஆத்மியின் மணீஷ் சிசோடியாவோ தன் பழைய தொகுதியான பட்பர்கஞ்சை விட்டு அந்தத் தேர்தலுக்குத்தான் இங்கு வந்தவர். அவர் 675 வாக்குகளில் பாஜகவிடம் தோற்றார். காங்கிரஸ் பெற்றது 7,350. அன்று மாலையே மயூர் விஹாரிலிருந்து அத்தான் அழைத்து, "உன்னை மாதிரி ஆட்கள்தான் மாப்பிள்ளை அவரைத் தோற்கடித்தது" என்றார். அக்காவும் பக்கத்திலிருந்து அதையே சொன்னது எனக்கு வலித்தது.

கணக்கை நான் மறுக்கவில்லை. அந்த 7,350 பேரில் பத்தில் ஒருவர் மட்டும் ஆம் ஆத்மிக்கு மாறி, மற்றவர்கள் அப்படியே இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். ஆனால் எங்கள் வாக்கெல்லாம் அந்தப் பக்கம்தான் போயிருக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்? இம்முறை பாஜக வேட்பாளராக வென்ற தர்விந்தர் சிங் மார்வா, 1998 முதல் மூன்று முறை காங்கிரஸ் வேட்பாளராகவே இத்தொகுதியில் வென்றவர். கை சின்னத்தில் அவருக்குப் போட்டுப் பழகிய குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

ஆம் ஆத்மியே 2013இல் மூன்றாவது கட்சியாக நுழைந்ததுதான் என்பதை அத்தானுக்கு நினைவூட்டினேன். அன்று அதற்குப் போட்டவர்களிடமும் வாக்கை வீணாக்காதீர்கள் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் கேட்டிருந்தால் 2015இல் எழுபதில் 67 இடங்கள் அதற்குக் கிடைத்திருக்காது. அந்த இரண்டு தேர்தல்களுக்கிடையே பாஜகவின் வாக்கு விழுக்காடு 33இலிருந்து 32 ஆகத்தான் குறைந்தது. சரிந்தது காங்கிரஸ், ஏறத்தாழ 25இலிருந்து பத்துக்கும் கீழே.

தோற்கும் கட்சியும் மற்றவர்களை நகர்த்துகிறது. பெண்களுக்கு மாதம் 2,100 ரூபாய் என்று ஆம் ஆத்மி அறிவித்திருந்த நிலையில், 2025 ஜனவரித் தொடக்கத்தில் காங்கிரஸ் 2,500 என்றது. சில நாட்களில் பாஜகவும் அதே தொகையை வாக்குறுதியாகத் தந்தது.

பாஜக வெல்ல வேண்டும் என்று நான் மறைமுகமாக விரும்பியதாக யாரேனும் எழுதலாம், அது உண்மையல்ல. 675 வாக்குகளில் தோற்ற கட்சி கேட்க வேண்டியது, என் வீட்டுக்கு ஏன் ஒருவரும் வாக்குக் கேட்டு வரவில்லை என்பதைத்தான். நான்கு மாடி ஏறி வந்தவர்கள் காங்கிரஸ்காரர்கள் மட்டுமே.