ஹிண்டன்பர்க் எண்ட ஜெர்மன் ஏர்ஷிப் எரிஞ்சதாலதான் ஏர்ஷிப்பே இல்லாமப் போச்சா? இனித் திரும்ப வருமா?

நெருப்பு ஒரு காரணம்தான், ஆனா முழுப் பழியையும் அதுல போடுறது நியாயமில்ல. என்னைக் கேட்டா, லேசான வாயு நிரப்பி மிதந்து பறக்கிற இந்த ஏர்ஷிப்புக்கு மேல பறக்கிறது லேசு, கீழ இறக்கிக் கட்டி வைக்கிறதுதான் பெரும் பாடு. நான் மட்டக்களப்பு ஆள், 1978 சூறாவளிக் கதை கேட்டு வளந்ததால காத்து எண்டா எனக்குக் கொஞ்சம் பயம் கூடத்தான், அதையும் சேத்து வாசிங்க.

1937 மே 6, அமெரிக்காவில லேக்ஹர்ஸ்ட்ல இறங்கப் போகேக்கதான் ஹிண்டன்பர்க் எரிஞ்சது. கீழ நிண்ட ஒராளோட சேத்து 36 பேர் செத்தாங்க, ஆனா உள்ளுக்க இருந்த 97 பேர்ல 62 பேர் தப்பிட்டாங்க. கேமராக்காரங்க முன்னுக்கே நிண்டு படம் புடிச்சதால உலகமே பாத்துது, பேரும் கெட்டுது. அதுக்கு முன்ன 1933ல அமெரிக்கக் கடற்படையிட அக்ரன் எண்ட ஏர்ஷிப் புயலுக்க மாட்டிக் கடல்ல விழுந்து 73 பேர் செத்ததை ஆரும் பேசுறதில்ல, அதுக்குள்ள இருந்தது நெருப்பே புடிக்காத ஹீலியம்!

அதே அக்ரன் 1932ல கலிபோர்னியாவில இறங்கின கதைதான் என்னால மறக்க ஏலாதது. கீழ நிண்ட கடற்படைப் பொடியன்மார் கயித்தப் புடிச்சு இழுக்கிறாங்க, வெயில் சூட்டுல வாயு விரிஞ்சு கப்பல் பட்டெண்டு மேல எழும்பிட்டு. கயித்த விடாத மூணு பேர் அப்படியே மேல போயிட்டாங்க. ரெண்டு பேர் கை சளைச்சு விழுந்து செத்தாங்க, மற்றவர் எப்படியோ கயித்துல தன்னைக் கட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல தொங்கி, மறுகா அவரைக் கப்பலுக்குள்ள இழுத்தெடுத்தாங்க.

ஒழுங்கா ஓடினதும் இருக்கு. கிராஃப் செப்பலின் எண்ட ஜெர்மன் ஏர்ஷிப் 1929ல உலகத்தையே சுத்தி வந்திச்சு, 1937 வரைக்கும் ஒரு பயணிக்கும் ஒண்டும் ஆகல்ல. ஆனா ஹிண்டன்பர்க்குக்கு அட்லாண்டிக் தாண்ட ரெண்டு மூணு நாள் வேணும், 1939ல பான் அமெரிக்கன் விமானக் கம்பெனிட பறக்கும் படகு (தண்ணியில இறங்குற விமானம்) ஒரு நாள் சொச்சத்துல போச்சு. காசுள்ள ஆக்கள் எதுல ஏறுவாங்க எண்டு சொல்லத் தேவையில்ல.

இப்பத்த கதைக்கு வந்தா, இங்கிலாந்தில ஏர்லாண்டர் 10 எண்டு ஒண்டு செஞ்சாங்க. 2016ல இறங்கேக்க மூக்கு நிலத்துல குத்திச்சு, 2017ல கட்டி வெச்ச இடத்துலயிருந்து கழண்டு வாயு இறங்கிச் சப்பளிஞ்சு போச்சு. பாத்தீங்களா, ரெண்டும் நிலத்துலதான். கூகுளைத் தொடங்கின ஆக்கள்ல ஒராள் சேர்ஜி பிரின்ட காசுல செஞ்ச பாத்ஃபைண்டர் 1, 124 மீட்டர் நீளம், 2024ல வெளியில பறந்திட்டு, அது இன்னும் சோதனைதான்.

அம்பாறையில நெல் ஏத்துற கூட்டாளி ஒராள் கேட்டான், இதுல நெல்லை ஏத்திக் கொழும்புக்கு அனுப்பினா ரோட்டே தேவையில்லதானே எண்டு. யோசனை நல்லம்தான், ஆனா தோணியிலயிருந்து மூட்டைய இறக்கினா தோணி மேல எழும்புமே, அதேதான் இங்கயும். 60 டொன் இறக்கின உடனே அந்தளவு பாரத்துக்கு வேற என்னவும், தண்ணியாவது, ஏத்தாட்டி கப்பல் நிலத்துல நிக்காது, மேல கிளம்பிரும். பிரான்சில ஃப்ளையிங் வேல்ஸ் எண்ட கம்பெனி 200 மீட்டர்ல ஒண்டு போட்டிருக்கிற பிளான் என்னெண்டா, இறங்குறதே இல்ல, அந்தரத்துல நிண்டு கயித்தால சாமானை இறக்கி ஏத்துறது, ரோட்டில்லாத காட்டுல மரம் எடுக்க. அதுமாதிரி வேலைக்குத் திரும்ப வரும் எண்டு நானும் நம்புறன். நெல்லுக்கு லொறிதான்டா எண்டு அவனுக்குச் சொல்லிட்டன், நம்மட கச்சான் காத்துக்க அவ்வளவு பெரிய சாமானை ஆர் கட்டிப் புடிக்கிற?

ஆசைக்கு ஏறிப் பாக்கணும் எண்டா ஜெர்மனியில ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன்ல செப்பலின் என்டி எண்ட ஏர்ஷிப் இப்பவும் ஆக்களை ஏத்திக்கொண்டு ஓடுது, அதுவும் காத்து கூடினா அண்டைக்குப் பறக்காது.